ப்ராஜெக்ட்டில் ஒருவன் வேலை செய்ய ஐந்து பேர் நிற்கிறார்கள். பழகவும் வேலையை விரும்பவும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பட்டறைவாசல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் துறையில் 14 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்றைக் கேட்கத்தான் இந்த இழை.

போன வாரம் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. ஆறு பேர் குழு, நிலக்கடலை உடைக்கிற மெஷின். பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் நின்ற பையனிடம், ஷாஃப்ட்டில் என்ன பேரிங் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான், அவன் அடுத்தவனைப் பார்த்தான். அந்தப் பார்வை வரிசையாக நகர்ந்து, கையில் கிரீஸோடு மூலையில் நின்ற ஒருவனிடம் போய் நின்றது. அவன் தலையைத் தூக்காமலே "6204 சார்" என்றான். ஏன் 6204? "ஷாஃப்ட் 20 எம்எம் சார்." அந்த பேரிங்கின் உள்துளையும் அதே அளவு. மற்ற ஐந்து பேருக்கும் அது புதுச் செய்தி.

அன்று சாயங்காலம் அந்தப் பையன் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். "சார், என்னைத் தனியா விட்டுடுங்க, ஒருத்தனாவே முடிச்சுக்கறேன்." அரை மணி நேரம் கழித்து மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் வந்தார்கள். "அவன் எங்களை ஸ்பேனரைத் தொடவே விடமாட்டேங்கறான் சார். தொட்டா, தள்ளுடா நான் பாத்துக்கறேன்ங்கறான்." விசாரித்தால் இரண்டு தரப்பும் சொன்னது உண்மை. நான் இரண்டு தரப்புக்கும் சொன்னது ஒரே பதில்: "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கப்பா." வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது நினைத்துப் பார்த்தேன். 14 வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது ஒரு பதிலே இல்லை.

இன்னொன்று. வகுப்பில் 50 பேரிடம், இந்தத் தொழில் யாருக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டேன். நாலு கை. மற்றவர்கள் "பேஷன் இல்ல சார்" என்று நிஜமான வருத்தத்தோடு சொல்கிறார்கள். ஏதோ பிறவியிலேயே தங்களுக்குக் கொடுக்காமல் விட்டுப்போன ஒன்றைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

கம்யூனிகேஷன் பாடத்தில் ஜோஹாரி சாளரம் இருக்கிறது. நம்மைப் பற்றி நமக்குத் தெரிந்தது, மற்றவருக்குத் தெரிந்தது என்று பிரித்து 1955-இல் லுஃப்ட், இங்காம் என்ற இரண்டு பேர் போட்ட நாலு கட்டம். ஐந்து மார்க்குக்கு அழகாக வரைந்துவிடுகிறார்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் எந்த ஊர்ப் பஸ்ஸில் வருகிறான் என்று தெரியவில்லை.

நீங்கள் உங்கள் இடத்தில் என்ன செய்கிறீர்கள்? நடந்ததைச் சொல்லுங்கள்.

---

கோர்ஷாப்

சார் வணக்கமுங்க. நான் பம்ப் காஸ்டிங் பண்ற ஃபவுண்டரில சூப்பர்வைசரா இருக்கேன். உங்க பசங்க மாதிரி பசங்கதான் எங்ககிட்ட அப்ரண்டிஸா வர்றாங்க. பத்துப் பேர் வந்தா மூணு மாசத்துல பாதிப்பேர் காணாமப் போயிடறாங்க. கேட்டா வேலை கஷ்டம்னு சொல்றது குறைச்சலுங்க. சூடு, தூசி எல்லாம் பொறுத்துக்கறாங்க. "அந்த அண்ணன் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார்", "என்னை யாருமே கண்டுக்கல", இதுதான் அதிகம் வரும். வேலையை விட்டுப் போறவன் முக்காவாசி ஒரு ஆளை விட்டுத்தான் போறான்.

என் தப்பு ஒண்ணு சொல்றேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு பையன், வந்து ரெண்டு மாசம்தான். ஃபெட்லிங்ல, அதாவது வார்த்ததைச் சுத்தம் பண்ற இடத்துல, தட்டிக் கிரைண்டிங் போடறப்போ மூணு பம்ப் கேசிங்ல சின்னச் சின்ன ஓட்டை இருக்கறதப் பாத்துட்டான். ப்ளோ ஹோல், வார்க்கறப்போ காத்து சிக்கி வர்றது. பாத்தவன் சொல்லல. அது மெஷினிங் போயி, போரிங் முடிஞ்சு, பெயிண்டுக்கு முந்தி ஹைட்ரோ டெஸ்ட்ல தண்ணி அழுத்தம் ஏத்தறப்போ பொசபொசன்னு ஒழுகுச்சு. மூணு பீஸோட மெஷினிங் கூலியும் போச்சு. கூப்பிட்டு "ஏண்டா சொல்லல"ன்னு கத்துனேன். அவன் மெதுவாச் சொன்னான்: "போன வாரம் ஒண்ணு சொன்னேனுங்கண்ணா, 'உன் வேலையப் பாரு'ன்னுட்டீங்க."

எனக்கு அப்படிச் சொன்ன நெனப்பே இல்லீங்க. ஆனா அவனுக்கு நெனப்பு இருக்கு.

அதுக்கப்புறம் பத்தரை மணி டீக்கு எல்லாரும் ஒரே இடத்துல நிப்போம். நான் முதல்ல என் தப்பு ஒண்ணைச் சொல்லுவேன். அப்புறம் "உங்க பக்கம் என்ன"ன்னு கேப்பேன். முதல் ஒரு மாசம் ஒருத்தனும் வாயத் தெறக்கல. அச்சு மண்ணுல ஈரம் ஜாஸ்தின்னு முதல்ல சொன்னவன் அதே பையன்தான். இப்ப அவன் கோர் (வார்ப்புக்குள்ள வெற்றிடம் வர்றதுக்கு வெக்கிற மண் அச்சு) செக்‌ஷன் பாத்துக்கறான்.

---

மனவெளி

சமூகப்பணி படித்தவன். கல்லூரிகளில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். கோர்ஷாப் அண்ணன் சொன்னது ஆராய்ச்சியில் அப்படியே இருக்கிறது. ஏமி எட்மண்ட்சன் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவேட்டில் அந்தக் குழுக்களில்தான் தவறு கூடுதலாக இருந்தது. அங்கே பயமில்லாமல் வெளியே சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைத்துவிடுகிறார்கள் என்ற விளக்கத்துக்கு வந்தார். 1999-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பாதுகாப்பு உணர்வு நிர்வாகப் படிப்பில் ஒரு தனித் தலைப்பாகவே ஆகிவிட்டது.

ஐந்து பேர் நிற்பதும் பழைய கதைதான். பிரான்ஸில் ரிங்கல்மன் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து 1913-இல் வெளியிட்டார். தனித்தனியாக இழுக்கும் பலத்தைக் கூட்டி வருவதை நூறு என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது கிடைத்தது அதில் பாதி அளவுதான். கொஞ்சம், கைகள் ஒரே நேரத்தில் இழுக்காததால் வரும் இழப்பு. மீதி, நான் விட்டாலும் தெரியாது என்பது. 1979-இல் லட்டானேவும் கூட்டாளிகளும் கைதட்டலையும் சத்தத்தையும் வைத்து இதைத் திரும்பச் சோதித்தார்கள். அவரவர் எவ்வளவு போட்டார்கள் என்று தனியாகத் தெரியும்படி செய்தபோது இந்தத் தளர்ச்சி மறைந்தது, 1981-இல்.

ஆகவே சார், உங்கள் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று நினைக்க வேண்டாம். ஆறு பேருக்கு ஒரே மெஷின், ஒரே ரிப்போர்ட், ஒரே மார்க் என்று வைத்தால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். அந்தக் கிரீஸ் பையனும் அந்த ஏற்பாட்டின் விளைவுதான். எல்லாம் தன் தலையில் விழும் என்று முதல் வாரமே தெரிந்துகொண்டு, யாரையும் தொடவிடாமல் பிடித்துக்கொண்டான்.

---

பள்ளிபாளையம்காரன்

நான் கொஞ்சம் எதிராப் பேசப் போறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

அப்பா தறி ஓட்டுறவர். டிப்ளமோ முடிச்ச முதல் ஆள் எங்க வீட்டுல நான்தான். ரெண்டாவது வருஷம் காலேஜுக்கு ஒரு பேச்சாளர் வந்தார். பிடிச்சதச் செய்யுங்க, பிடிக்காததுல ஒரு நிமிஷம்கூட இருக்காதீங்கன்னு ரெண்டு மணி நேரம். எங்க ஹாஸ்டல்ல அன்னிக்கு ராத்திரி ஒருத்தரும் தூங்கல. எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே தெரியல. தெரியாதது பெரிய குத்தம் மாதிரி ஆயிடுச்சு. எங்க அப்பாவுக்குத் தறி பிடிக்குமான்னு யாராவது கேட்டாங்களா? வட்டி கட்டணும், ஓட்டினார்.

படிச்சு முடிச்சு ஒரு மில்லுல மெயின்டனன்ஸ்ல சேந்தேன். எட்டு மாசம் வெறும் எண்ணெய் ஊத்தற வேலை. பிடிக்கவே இல்ல. ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட்ல ஒரு மெஷின்ல கரகரன்னு சத்தம். வயசான ஃபிட்டர் ஒருத்தர், அதிகம் பேசாதவர், என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நீளமான ஸ்க்ரூட்ரைவர எடுத்து நுனிய பேரிங் கூட்டுமேல வெச்சு, கைப்பிடிய என் காதுல ஒட்டினார். "கேளு." முதல்ல எல்லாம் ஒரே இரைச்சல். அப்புறம் பக்கத்து பேரிங்ல வெச்சார். "இது எப்படி?" இது மழை மாதிரி சீரா இருக்கு. திரும்பப் பழையதுல வெச்சார். நடுநடுவுல கல்லு உருளுற மாதிரி. "அதான். கழட்டு." கழட்டினா உள்வளையத்துல உரிஞ்சிருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரிலேருந்து எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஏழு வருஷம் ஆச்சு. ஆசை முதல்ல வரல. முதல்ல ஒருத்தர் கூப்பிட்டார், அப்புறம் காது பழகுச்சு, அதுக்கப்புறம்தான் ஆசை.

அதனால, பேஷன் எங்கன்னு பிள்ளைகளைத் தேடச் சொல்லாதீங்க சார். வீட்டுல காசு இருக்கறவன் தேடுவான். இல்லாதவனுக்கு அது இன்னொரு பாரம்.

---

மனவெளி

பள்ளிபாளையம்காரன், இது எதிர்ப்பேச்சு இல்லை. ஆர்வத்தைக் கண்டுபிடிப்பதா, வளர்ப்பதா என்று ஓகீஃப், ட்வெக், வால்டன் மூவரும் 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எனக்கு ஏற்றது எங்கோ தயாராக இருக்கிறது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்கள், அது கொஞ்சம் கடினமானதும் "இது எனக்கானது இல்லை" என்று சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். ஆர்வம் வளரக்கூடியது என்று நம்புகிறவர்கள் அந்த இடத்தைத் தாண்டுகிறார்கள். ஹாஸ்டலில் நீங்கள் தூங்காத அந்த ராத்திரிக்கு இதைவிடச் சரியான விளக்கம் என்னிடம் இல்லை.

---

வார்டு அக்கா

மதுரைப் பக்கம் நர்சிங் கல்லூரியில் டியூட்டர். எங்கள் பிள்ளைகளுக்கு மனிதர்களோடு பழகுவதே வேலை என்பதால் ஒரு வார்த்தை.

முதல் வருடப் பிள்ளைகளை வார்டுக்கு அனுப்பினால் எல்லாருக்கும் ஒரே பயம், அது நோயாளியைப் பார்த்து இல்லை. சீனியர் சிஸ்டரைப் பார்த்து, டாக்டரைப் பார்த்து, சில சமயம் நோயாளியோடு வந்த அத்தையைப் பார்த்து. "அக்கா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்பார்கள். விஷயம் தெரியும், எடுத்துச் சொல்லும் முறை தெரியாது. அதற்கு நாங்கள் எஸ்பார் (SBAR) என்ற முறையைப் பழக்குகிறோம். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைக்கு வந்தது. இப்போது என்ன, முன்னால் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன். நாலே வரி. "டாக்டர், ஆறாவது பெட் அம்மாவுக்கு பிபி 90க்கு 60. காலையில் ஆபரேஷன் முடிந்தவர். ரத்தம் கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." இதைப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து இருபது தடவை சொல்லிப் பழகுவார்கள். முதலில் சிரிப்பு வரும். பத்தாவது தடவையில் குரல் நிமிரும்.

"நான் என்ன நினைக்கிறேன்" என்ற வரிதான் எங்கள் பிள்ளைகளுக்குக் கஷ்டம். சின்ன வயசிலிருந்து "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று வளர்ந்தவர்கள். மரியாதையைக் குறைக்காமல் தன் கருத்தைச் சொல்ல முடியும் என்பதையே யாரும் காட்டியதில்லை. "தப்பா இருந்தா சொல்லுங்க சிஸ்டர், எனக்கு இப்படித் தோணுது" என்ற ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்தால் போதும், அவர்கள் பேசுகிறார்கள்.

வேலையில் பிடிப்பு பற்றியும் ஒன்று. ஏமி ரெஸ்நெவ்ஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் 2001-இல் எழுதிய கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். ஒரே வேலை. ஒரு சாரார் சொன்ன இடத்தைக் கூட்டிவிட்டுப் போனார்கள். இன்னொரு சாரார் நோயாளியோடும் பார்க்க வந்தவர்களோடும் பேசினார்கள், நர்ஸ்களின் வேலை ஓட்டத்தைக் கவனித்துத் தங்கள் வேலையை அமைத்துக்கொண்டார்கள், நோய் தீர்வதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார்கள். எங்கள் வார்டிலும் அப்படி ஒரு அம்மா இருக்கிறார். தரை துடைக்கும்போதே யார் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்று எங்களிடம் சொல்லிவிடுவார். புதுப் பிள்ளைகளை முதல் நாளே அவரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறேன்.

---

கோநோகோ

மெக்கானிக்கல் டிப்ளமோ, எங்க செட்ல பொண்ணுங்க ரெண்டே பேர். இப்ப ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி.

இதுவரைக்கும் யாரும் தொடாத ஒண்ணைச் சொல்லியே ஆகணும். குழு எப்படிச் சேருதுன்னு பாருங்க சார். "நீங்களே சேந்துக்கோங்க"ன்னு விட்டா, ஹாஸ்டல் தனி, டே ஸ்காலர் தனி, தமிழ் மீடியம் தனி. அதுக்கும் கீழ, யாரும் வாய்விட்டுச் சொல்லாத சாதிக் கணக்கு ஒண்ணு இருக்கு. ஊர்ப் பேரை வெச்சு, தெருப் பேரை வெச்சு எல்லாருக்கும் தெரியும். சாருக்கு மட்டும் தெரியாதுன்னு நினைச்சுக்கறாங்க. கடைசியா யார் குழுவிலயும் சேராம மிச்சம் நிக்கறது எப்பவும் அதே ஆளுங்கதான். எங்க ரெண்டு பேரையும் மிச்சத்துல சேத்தாங்க.

சேத்துட்டு, "ரிப்போர்ட் நீ எழுதிடு, உன் கையெழுத்து நல்லாருக்கும்". வெல்டிங் நாள்ல எங்களைக் கேன்டீனுக்கு டீ வாங்க அனுப்பினாங்க. கெட்ட பசங்க இல்ல. அவங்களுக்கு அது உதவி பண்ற மாதிரிதான் தோணுச்சு. ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தர்தான் பாத்துட்டு, "டீ நான் வாங்கிட்டு வர்றேன், ஹோல்டரை அந்தப் புள்ள கையில குடுங்கடா"ன்னார். நான் போட்ட முதல் வெல்டிங் கோடு கோணல்மாணல். ராடு ஒட்டிக்கிச்சு, இழுத்தேன், மறுபடி ஒட்டிக்கிச்சு. அவர் ஒண்ணும் சொல்லல. சுத்தியால தட்டி மேல இருந்த கசடு (ஸ்லாக்) உதிர்ந்ததும் கீழே வெள்ளி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சுது, ஒரு ரெண்டு சென்டிமீட்டர்தான் சரியா வந்திருந்துச்சு. "இந்த ரெண்டு சென்டி மாதிரியே மிச்சமும்"னு விரலால காட்டிட்டுப் போயிட்டார்.

அந்த ரெண்டு சென்டிமீட்டர்தான் என்னை இந்தத் தொழில்ல வெச்சிருக்கு.

---

பட்டறைவாசல்

கோநோகோ, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். போன வாரக் குழுவை நான்தான் "நீங்களே சேர்ந்துக்கோங்க" என்று விட்டேன். இன்று போய் விசாரித்தேன். ஆறு பேர் குழுவுக்கு இரண்டு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒன்றில் ஆறு பேர். இன்னொன்றில் நாலு பேர். என்றைக்குப் பட்டறைக்கு வருவது, யார் பொருள் வாங்குவது எல்லாம் நாலு பேர் குழுவில்தான் முடிவாகியிருக்கிறது. "வரவே மாட்டேங்கறாங்க சார்" என்று எந்த இரண்டு பேரைப் பற்றி என்னிடம் புகார் வந்ததோ, அந்த இரண்டு பேருக்கு வரச் சொல்லித் தகவலே போகவில்லை. ஏன் அந்த இரண்டு பேர் விடுபட்டார்கள் என்று கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் புரிந்தது.

இதை நான் எப்படிக் கையாள வேண்டும்? கடுமையாகக் கண்டித்தால் வெளியே ஒழுங்காக இருந்துவிட்டு உள்ளே இன்னும் ஒதுக்குவார்கள் என்று பயமாக இருக்கிறது.

---

மனவெளி

ஒதுக்கியது தவறு என்பதைத் தெளிவாக, ஒரே தடவை, நேராகச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அந்த இரண்டு பேருக்கும் நீங்களும் அதில் சேர்ந்துவிட்டதாகத்தான் தோன்றும். பிறகு ஏற்பாட்டை மாற்றுங்கள். 1971-இல் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை முதல்முறையாக ஒரே பள்ளியில் சேர்த்தபோது வகுப்பறைகளில் சண்டை. எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் அறிவுரை சொல்லவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டைக் கொடுத்தார். ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் தனியாகக் கூடிப் படித்தார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்தில் இருப்பவன் பேசினால்தான் தனக்குப் பாடம் முழுமையாகும் என்ற நிலை. கேலி செய்தால் தனக்கே நஷ்டம்.

உங்கள் கடலை மெஷினை அப்படிப் பிரியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த இடத்தில் பல கல்லூரிகள் ஆளுமைத் தேர்வு வைத்து, நீ இப்படிப்பட்டவன், அவன் அப்படிப்பட்டவன் என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். 18 வயசுப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு "நான் பேசாத டைப்பு சார்" என்று மிச்ச வாழ்நாளெல்லாம் சொல்லும். தயவுசெய்து வேண்டாம்.

---

சிலபஸ்பாரம்

நானும் ஆசிரியர்தான். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் நேரம் எங்கே? யூனிட் முடிக்க வேண்டும், லேப் ரெக்கார்டு திருத்த வேண்டும், அட்மிஷனுக்கு ஊர் ஊராக அலைய வேண்டும், தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும். அந்தத் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து பிள்ளைகளுக்குப் படிப்புகளும் வேலைவாய்ப்பும் கிடைப்பது உண்மை, குறை சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்து பேச ஒரு பீரியட் இல்லை. 50 பேருடைய சண்டையை ஒரு ஆசிரியர் தீர்க்க முடியுமா?

---

கோர்ஷாப்

சார், தீர்க்க வேண்டாமுங்க. தீர்க்கறதுக்கு ஒரு இடம் போட்டுக் குடுங்க, போதும். எங்க டீ நேரம் பத்து நிமிசம்தான். உற்பத்தி குறையல. ரிஜெக்சன்தான் குறைஞ்சுது.

---

வார்டு அக்கா

சிலபஸ்பாரம் சார் சொல்வது நியாயம்தான், எங்களுக்கும் இதே நெருக்கடி. பிள்ளைகள் எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், திருத்துவதில்லை, படிப்பதோடு சரி. ஒரே விதி: கண்ணால் பார்த்ததை ஒரு பக்கம் எழுத வேண்டும், மனசில் தோன்றியதை எதிர்ப்பக்கம். "அவ பொறுப்பில்லாதவ" என்பது எதிர்ப்பக்கம். "புதன்கிழமை ரெண்டு மணி டிரஸ்ஸிங்குக்கு அவ வரல" என்பது இந்தப் பக்கம். பாதிச் சண்டை, இரண்டு பக்கத்தையும் பிரிக்கும்போதே இறங்கிவிடும். வரவில்லை என்று எழுதியதும் அடுத்த கேள்வி தானாக வருகிறது: ஏன் வரவில்லை? பொறுப்பில்லாதவள் என்று எழுதியிருந்தால் கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

---

பட்டறைவாசல்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

முதலில் நாலு பேர் வாட்ஸ்அப் பற்றி ஆறு பேரையும் உட்காரவைத்துப் பேசினேன். தவறு என்று சொன்னேன். என் தவறையும் சொன்னேன், குழு சேர்த்ததில் நான் கவனிக்கவில்லை என்று. கோர்ஷாப் அண்ணன் சொன்னது சரி, ஆசிரியர் தன் தவறைச் சொன்னதும் அறையில் காற்று மாறுகிறது. அந்த இரண்டு பேரில் ஒருவன் கடைசிவரை பேசவில்லை. இன்னும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அவனுக்கு நேரம் வேண்டும், அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

மெஷினை ஆறாகப் பிரித்தோம். ஃப்ரேம், ஷாஃப்ட்டும் பேரிங்கும், உடைக்கிற டிரம், சல்லடை, மோட்டாரும் பெல்ட்டும், தொட்டியும் காற்றாடியும். ஒருவருக்கு ஒன்று. கிரீஸ் பையனுக்கு வேண்டுமென்றே சல்லடையைக் கொடுத்தேன், அவனுக்கு அதுதான் தெரியாது. ரிவ்யூவில் யாரிடமும் அவரவர் பகுதியைக் கேட்க மாட்டேன், அடுத்தவர் பகுதியைத்தான் கேட்பேன் என்று அறிவித்தேன். போர்டுத் தேர்வு மார்க்கில் நான் கைவைக்க முடியாது. எங்கள் கையில் இருக்கிற உள்மதிப்பீட்டு ரிவ்யூவுக்கு மட்டும் இந்த விதி. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கால் மணி நேரம் நோட்டு.

மூன்றாவது வாரம் பெரிய சண்டை. கிரீஸ் பையன் இன்னொருவன் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கிவிட்டான். நோட்டில் அவன் இந்தப் பக்கம் எழுதியது: "அவன் நட்டை மூணு தடவை தப்பா ஏத்தினான். நான் பிடுங்கினேன்." எதிர்ப்பக்கம்: "லேட்டானா எங்க அப்பா திட்டுற குரல் காதுல கேக்குது." அதை வகுப்பில் படிக்கவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, பட்டறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம். நான் எதுவும் சொல்லவில்லை. அவனே போய், அந்தப் பையனிடம் நட்டின் மரை பிடிக்கிறதா என்று முதலில் கையால் திருகிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தான்.

போன வாரம் ஆறு பேரையும் பல்லடம் தாண்டி ஒரு கடலை மில்லுக்கு அழைத்துப்போனேன். எங்கள் மெஷினில் பருப்பு நிறைய உடைகிறது, ஏன் என்று தெரியவில்லை. மில்லில் முப்பது வருடமாக வேலை செய்கிற ஒரு அம்மா, நாங்கள் கொண்டுபோன பருப்பை உள்ளங்கையில் பரப்பி, ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தார். "காய் நல்லாக் காஞ்சிருக்கு கண்ணு. உங்க மெசின்ல டிரம்முக்கும் சல்லடைக்கும் நடுவுல சந்து பத்தல. பெரிய காய் வர்றப்ப நசுக்குது. சலிச்சு, பெருசு சிறுசு பிரிச்சு வேற வேற சந்துல விடோணும்." நாங்கள் மூன்று மாதம் மோட்டார் வேகத்தைக் குறைத்துக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், இதுவரை பேசாதிருந்த அந்தப் பையன், டிரம் அவன் பகுதி, பின் சீட்டிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். "சார், சனிக்கிழமை பட்டறைச் சாவி கிடைக்குமா? சந்து அளவை அட்ஜஸ்ட் பண்ற மாதிரி ஸ்லாட் போட்டுப் பாக்கணும்." அவன் கூட இன்னும் இரண்டு பேர் வருவார்களாம். அதில் ஒருவன் நாலு பேர் குழுவில் இருந்தவன்.

சாவி கொடுத்துவிட்டேன். கோர்ஷாப் அண்ணா, ஆறு பேரையும் ஒரு நாள் உங்கள் ஃபவுண்டரிக்கு அழைத்து வரலாமா? டிரம்மைக் காஸ்டிங்கில் பண்ண முடியுமா என்று கேட்கிறார்கள்.

---

கோர்ஷாப்

தாராளமாக் கூட்டிட்டு வாங்க சார். வியாழக்கிழமை வாங்க, அன்னிக்கு உலை ஊத்தறதையும் பாக்கலாம். எல்லாரும் ஷூ போட்டு வரச் சொல்லுங்க, செருப்பு ஆகாது. பத்தரைக்கு முந்தி வந்துட்டா எங்ககூட டீ சாப்பிடலாம். ப்ளோ ஹோல் பையன்தான் சுத்திக் காட்டுவான், இப்பவே சொல்லி வெச்சுட்டேன்.